செமி ஆட்டோ ரைஃபிளுக்கு நாமே தோட்டா நிரப்புவது: குண்டு, மருந்து, கூடு, ப்ரைமர் தேர்வு

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் சுட்டு முடித்ததும் மிச்ச வேலை கையுடையது. கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, சுட்ட கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றுவது எல்லாம் கைதான். எங்காவது இறுக்கமாக இருந்தால் கைக்கு உடனே தெரிந்துவிடும். "என்னடா இது" என்று நிறுத்திப் பார்ப்போம். செமி ஆட்டோவில் அந்தக் கை கிடையாது. குண்டைத் தள்ளும் அதே மருந்துதான், தோட்டா உட்காரும் அறையான சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டையும் திறக்கிறது, கூட்டையும் இழுத்து எறிகிறது, ஸ்பிரிங்கையும் அழுத்துகிறது. அந்த ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை வேகமாக சேம்பருக்குள் அறைகிறது. இறுக்கமாக இருக்கிறதே என்று அது யோசிக்காது.

அதனால் செமி ஆட்டோவுக்கான தோட்டாவில் ஒவ்வொரு உறுப்புக்கும் இரண்டு வேலை. மருந்து குண்டையும் தள்ள வேண்டும், இயந்திரத்தையும் சரியான வேகத்தில் ஓட்ட வேண்டும். கூடு அழுத்தத்தையும் தாங்க வேண்டும், இழுத்த இழுப்புக்கு வெளியேயும் வர வேண்டும். ப்ரைமர் அடித்தால் வெடிக்க வேண்டும், லேசாகத் தட்டினால் வெடிக்கக் கூடாது. குண்டு நேராகப் பறக்க வேண்டும், மேகசினிலிருந்து சேம்பருக்குப் போகும் வழியில் இடித்தாலும் இடம் மாறக் கூடாது. போல்ட் ரைஃபிளுக்கு நிரப்பிப் பழகியவர்கள் இங்கே சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையை மறந்துவிடுவதால்தான்.

தொடங்கும் முன் சொற்களைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். செய்தித்தாள்களில் தோட்டாவும் குண்டும் ஒன்றாகவே புழங்குகின்றன. இங்கே அப்படி எழுதினால் ஆபத்து. தோட்டா என்றால் முழுப் பொருள். குண்டு என்றால் குழலைவிட்டுப் பறந்து போகும் பகுதி மட்டும். கூடு என்றால் பித்தளைக் கேஸ். மருந்து என்றால் புகையில்லா வெடிமருந்து. ப்ரைமர் என்றால் கூட்டின் அடியில் உட்கார்ந்து, அடி விழுந்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகக் கோப்பை.

இன்னொன்று. இதில் எத்தனை கிரெயின் (தோட்டாக் கணக்கில் புழங்கும் சிறிய எடை அலகு) மருந்து போட வேண்டும் என்று ஓர் இடத்திலும் எழுதப்போவதில்லை. அதை மருந்து அல்லது குண்டு தயாரிப்பாளர் வெளியிடும் நடப்பு அட்டவணையிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும். நண்பர் சொன்னது, எங்கோ படித்தது எதுவும் கணக்கில் வராது. அப்புறம், தோட்டா நிரப்புவதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் தாராளமாகச் செய்யலாம், சில இடங்களில் உரிமம் வேண்டும், சில இடங்களில் அறவே கூடாது. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் ஒரு ப்ரைமர்கூட வாங்காதீர்கள்.

படி 1: முதலில் ரைஃபிளைப் படியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மருந்து டப்பாவில்தான் தொடங்குகிறார்கள். கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்கிவிட்டு, பிறகு அதற்குப் பொருத்தமான குண்டைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழ். ரைஃபிள், குண்டு, மருந்து, கூடு, ப்ரைமர் என்று வருவதுதான் சரி.

ரைஃபிளில் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, குழலில் பொறித்திருக்கும் சேம்பர் பெயர். .223 ரெமிங்டன், 5.56 நேட்டோ என்ற தோட்டாக்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுதான், ஆனால் 5.56 சேம்பரில், குழலின் உட்சுவரில் சுழன்று ஓடும் வரியைக் குண்டு தொடும் முன் உள்ள வெற்றுத் தொண்டை நீளம். 5.56-க்கென்று நிரப்பிய தோட்டாவை இறுக்கமான .223 சேம்பரில் போட்டால் அழுத்தம் ஏறும். .308-க்கும் 7.62 நேட்டோவுக்கும் இடையிலும் இப்படி ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே சேம்பரின் நீள அளவில், அதாவது ஹெட்ஸ்பேஸில், ராணுவ ரைஃபிள்கள் கொஞ்சம் தளர்வாக இருக்கும்.

இரண்டாவது, குழலின் முறுக்கு, அதாவது அந்த வரி எவ்வளவு நெருக்கமாகச் சுழல்கிறது என்பது. எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதுதான் எந்த எடைக் குண்டு உங்களுக்கு ஒத்துவரும் என்பதை முடிவு செய்கிறது. மூன்றாவது, போல்ட்டை ஓட்டக் குழலிலிருந்து வாயு எடுக்கும் துளை எங்கே இருக்கிறது என்பது. ஏ.ஆர்.-15 வகை ரைஃபிள்களில் கார்பைன் (குட்டை) நீளம் என்றால் சேம்பர் பக்கத்திலிருந்து சுமார் 7 அங்குலம், ரைஃபிள் நீளம் என்றால் சுமார் 12 அங்குலம். எம்1 காரண்டிலோ அது குழல் முனைக்கு வெகு அருகில். நான்காவது, ப்ரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பின்னுக்கு இழுத்து வைக்கும் ஸ்பிரிங் இருக்கிறதா, இல்லை சும்மா மிதக்கிறதா. ஐந்தாவது, மேகசினின் உள் நீளம்.

இந்த ஐந்தும் ஒரு காகிதத்தில் இருந்தால், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை அதிலேயே இருக்கும்.

படி 2: குண்டு

எதற்காகச் சுடப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நூறு கஜத்தில் பயிற்சிக்கு என்றால் முழு உறையிட்ட சாதாரண குண்டே போதும். 600 கஜப் போட்டிக்கு என்றால் முனையில் சிறு துளையுள்ள மேட்ச் குண்டு. ஈய முனை வெளியே தெரியும் வேட்டைக் குண்டுகள் செமி ஆட்டோவில் ஓடும், ஆனால் சேம்பருக்கு ஏறும் சரிவில் இடித்து இடித்து முனை நசுங்கும். ஓட்டத்துக்குக் குறையில்லை, பார்வைக்குத்தான் பாவமாக இருக்கும். வார்த்தெடுத்த வெறும் ஈயக் குண்டு வேண்டாம் என்பது என் முடிவு. சிலர் ஓட்டியிருக்கிறார்கள், ஆனால் வாயுத் துளையிலும் அதற்குப் பின்னாலும் படியும் ஈயத்தையும் மெழுகையும் சுரண்டி எடுப்பது யாருக்கும் பிடித்த வேலையல்ல.

எடையை முறுக்கோடு பொருத்துங்கள். அமெரிக்க ராணுவத்தின் பழைய எம்16ஏ1 ரைஃபிளின் குழல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது 55 கிரெயின் குண்டுக்கென்று அமைந்தது. எம்16ஏ2 வந்தபோது 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று ஆயிற்று. உங்களுடையது 9 அங்குலம் என்றால் 55-இலிருந்து 69 கிரெயின் வரை பொதுவாக நன்றாக இருக்கும். 77 கிரெயின் மேட்ச் குண்டுக்கு 8 அல்லது 7 அங்குல முறுக்கு வேண்டும். மெதுவாக முறுக்கிய குழலில் நீளமான குண்டு தள்ளாடும், காகித இலக்கில் வட்டத்துக்குப் பதில் சாவித்துளை போல நீண்ட ஓட்டை விழும். அதைப் பார்த்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

மேகசின் நீளம் ஒரு கறாரான எல்லை. ஏ.ஆர்.-15 மேகசினுக்குத் தோட்டாவின் மொத்த நீளம் 2.260 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். .308-க்கு அமெரிக்கத் தரநிலை சொல்லும் உச்ச நீளம் 2.810 அங்குலம். நீண்ட தூரப் போட்டியாளர்கள் 80 கிரெயின் குண்டை மேகசினுக்குள் அடங்காத நீளத்தில் நிரப்பி, ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடுவார்கள். அது அந்தப் போட்டிக்கு மட்டும் பொருந்தும் பழக்கம். மேகசினிலிருந்து ஓட்ட வேண்டும் என்றால் 77-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குண்டின் இடுப்பில் ஓடும் நெளிவரிப் பள்ளத்தையும் கவனியுங்கள். கூட்டின் வாயை அந்தப் பள்ளத்தில் அழுத்திப் பிடிக்கவைக்கலாம். அதற்கு கிரிம்ப் என்று பெயர். பள்ளமில்லாத குண்டை அப்படி அழுத்தினால் உறை நசுங்கி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய துல்லியம் போய்விடும்.

பிடிமானம் போதுமா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. மருந்தும் ப்ரைமரும் இல்லாமல் ஒரு டம்மி தோட்டா செய்யுங்கள். நீளத்தை வெர்னியரால் அளந்து எழுதுங்கள். மேகசினில் போட்டு, போல்ட்டை முழு வேகத்தில் விடுங்கள். கையால் மெல்ல வெளியே எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நீளம் குறைந்திருந்தால் குண்டு உள்ளே இறங்கியிருக்கிறது. அழுத்தம் ஏறும், ஆபத்து. கூடியிருந்தால் போல்ட் சட்டென்று நின்ற வேகத்தில் குண்டு முன்னால் நகர்ந்திருக்கிறது. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை, ஆனால் செமி ஆட்டோவில் இது சகஜம். ஒரே டம்மியை மூன்று முறை ஏற்றி எடுத்தும் நீளம் அசையவில்லை என்றால் கிரிம்ப்பே தேவையில்லை, குண்டைப் பிடிக்கும் கூட்டுக் கழுத்தின் இறுக்கமே போதும். மேட்ச் குண்டுக்கு நான் இந்த வழியைத்தான் விரும்புவேன். கழுத்தின் உள்விட்டம் குண்டின் விட்டத்தைவிட 0.002 முதல் 0.003 அங்குலம் குறைவாக இருந்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது.

படி 3: மருந்து

விஷயத்தின் மையம் இதுதான். ஒரு பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

எம்16 ரைஃபிள் முதலில் ஐ.எம்.ஆர். வகைக் குச்சி மருந்தை வைத்து உருவாக்கப்பட்டது. 1964 வாக்கில் அமெரிக்க ராணுவம் டபிள்யூ.சி. 846 என்ற உருண்டை மருந்துக்கு மாறியது. குண்டின் வேகம் எதிர்பார்த்த அளவு, உச்ச அழுத்தமும் அனுமதித்த எல்லைக்குள். காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் வாயுத் துளையைக் குண்டு கடக்கும் நேரத்தில் குழலுக்குள் இருந்த அழுத்தம் முன்பைவிட அதிகம். போல்ட் வேகமாகத் திறந்தது, சுடும் வேகம் ஏறியது, உறுப்புகள் சீக்கிரம் தேய்ந்தன, கசடும் கூடியது. குரோம் பூசாத சேம்பர், துப்புரவுச் சாமான்கள் போதாமை எல்லாம் சேர்ந்துகொள்ள, வியட்நாமில் சுட்ட கூடு சேம்பரிலேயே சிக்கிக்கொண்டு வீரர்கள் தவித்தார்கள். 1967-இல் அமெரிக்க காங்கிரஸின் துணைக்குழு ஒன்று இதை விசாரித்தது.

உருண்டை மருந்து மோசம் என்பதல்ல இதில் உள்ள பாடம். இன்றைக்கும் 5.56-க்கு அது அருமையாக ஓடுகிறது. டபிள்யூ.சி. 846-இன் சில்லறை விற்பனை வடிவமான பி.எல்.-சி.(2) இன்றும் கடைகளில் இருக்கிறது. உச்ச அழுத்தமும் வேகமும் ஒன்றாக இருந்தாலும், வாயுத் துளையில் இருக்கும் அழுத்தம் வேறாக இருக்கலாம். மருந்து அட்டவணைகளில் உச்ச அழுத்தம் இருக்கும், வேகம் இருக்கும். துளை அழுத்தத்துக்கு ஒரு பத்தி கிடையாது. அதை எரியும் வேகத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

வேகமாக எரியும் மருந்து தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய், குண்டு துளைக்கு வருவதற்குள் தணிந்துவிடும். மெதுவாக எரியும் மருந்து குழல் நெடுக அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டே வரும். வாயுத் துளை அந்த அழுத்தத்தில்தான் வாய் வைக்கிறது. மிக வேகமானதைப் போட்டால் இயந்திரம் சோம்பும், கூடு பாதி வழியில் சிக்கும். மிக மெதுவானதைப் போட்டால் இயந்திரம் அடிவாங்கும்.

இதற்கு உச்ச உதாரணம் எம்1 காரண்ட். 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த ரைஃபிளில் .30-06 தோட்டா, முனைக்கு அருகில் வாயுத் துளை, அங்கிருந்து போல்ட் வரை நீளும் ஒரு மெல்லிய இயக்கக் கம்பி. .30-06-க்கென்று கடையில் கிடைக்கும் மருந்துகளில் பாதி, போல்ட் ரைஃபிளில் கனமான வேட்டைக் குண்டைத் தள்ள உதவும் மெதுவான வகை. 4350, 4831 போன்றவை. அவற்றை காரண்டில் போட்டால் சேம்பருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் முனையில் இன்னும் பொங்கிக்கொண்டிருக்கும் வாயு அந்தக் கம்பியை வளைத்துவிடும். அதற்குப் பல தலைமுறைகளாகப் பழகிய மருந்துகள் ஐ.எம்.ஆர். 4895, ஐ.எம்.ஆர். 4064, எச் 4895. குண்டும் 150-இலிருந்து 175 கிரெயினுக்குள். அளவையும் காரண்டுக்கென்றே தனியாக வெளியிட்ட அட்டவணையில் பாருங்கள். பொதுவான .30-06 பக்கத்தைத் திறக்காதீர்கள்.

5.56 அல்லது .223 என்றால் 55, 62 கிரெயின் குண்டுகளுக்கு எச் 335, பி.எல்.-சி.(2), டாக், சி.எஃப்.ஈ. 223. கனமான மேட்ச் குண்டுகளுக்கு வார்கெட், டாக், என் 140. .308 செமி ஆட்டோவுக்கு 4895, 4064, வார்கெட். இவை நீண்ட காலமாகப் புழங்கும் பெயர்கள். பட்டியலில் இல்லாதது எல்லாம் தவறு என்று அர்த்தமில்லை. ஆனால் முதல் டப்பா வாங்குகிறவர் புதுப்பாதை வெட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

எரியும் வேகம் பொருந்திய பிறகு வடிவத்தைப் பாருங்கள். உருண்டை மருந்து அளவைக் கருவியில் தண்ணீர் போல இறங்கும். ஆயிரம் தோட்டா நிரப்புகிறவருக்கு அது பெரிய வரம். குச்சி மருந்து, குறிப்பாக 4064 போல நீளமான குச்சி, கருவிக்குள் நறுக் நறுக்கென்று வெட்டுப்பட்டு, அளவு ஏறி இறங்கும், தராசு வேண்டும். மறுபுறம், பல உருண்டை மருந்துகள் வெயிலுக்கும் குளிருக்கும் அதிகம் அசைந்து கொடுக்கும். குளிர்காலத்தில் உச்ச அளவுக்குப் பக்கத்தில் நிரப்பி வைத்ததைக் கோடையில் சூடான சேம்பரில் சுட்டால் அழுத்தம் கூடிவிடும். வார்கெட், எச் 4895 போன்றவை வெப்பத்துக்கு அதிகம் மாறாதபடி செய்யப்பட்டவை.

கூட்டை எவ்வளவு நிரப்புகிறது என்பதும் முக்கியம். பாதிக் கூடுக்கு மேல் நிரப்பும் மருந்து என்றால், தவறிப்போய் இரண்டு முறை போட்டால் வழிந்து கொட்டும். கண்ணுக்குத் தெரியும். இதைவிட மலிவான பாதுகாப்பு வேறு கிடையாது.

பெயர்க் குழப்பத்தில் மட்டும் விழுந்துவிடாதீர்கள். ஐ.எம்.ஆர். 4895-உம் எச் 4895-உம் அண்ணன் தம்பி மாதிரி, ஆனால் ஒன்றல்ல. ஒன்றின் அட்டவணையை மற்றதுக்கு வைக்கக் கூடாது. மேசை மேல் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பா. பெயர் அழிந்த டப்பா, யாரோ வேறு டப்பாவில் மாற்றிக் கொடுத்த மருந்து, எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

படி 4: கூடு

போல்ட் ரைஃபிள்காரர்கள் தங்கள் கூடுகளைச் செல்லமாக வளர்ப்பார்கள். சுட்டதும் விரிந்துவிடும் கூட்டை அச்சில் அழுத்திச் சுருக்கித்தான் மறுபடி நிரப்ப வேண்டும். அவர்கள் கழுத்தை மட்டும் சுருக்கி, அதே சேம்பரில் பத்துப் பதினைந்து முறை ஓட்டுவார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. முதன்முறையாகச் செமி ஆட்டோவுக்கு நிரப்பியபோது அப்படியே செய்து ஐம்பது தோட்டா எடுத்துப் போனேன். நான்காவதோ ஐந்தாவதோ, போல்ட் முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. உயிருள்ள தோட்டா உள்ளே. குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, உதவிக்கு ஒருவரைக் கூப்பிட்டு, அதை வெளியே எடுப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன்.

செமி ஆட்டோவுக்கு முழு நீளமும் சுருக்கியே ஆக வேண்டும். கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் தோள்பட்டையைச் சுட்ட அளவிலிருந்து 0.003 முதல் 0.004 அங்குலம் பின்னுக்குத் தள்ளினால் போதும். போல்ட் ரைஃபிளில் இதில் பாதி போதும். அதற்காகக் கூடுதலாகத் தள்ளுவது நல்லது என்று நினைக்காதீர்கள். அதிகம் தள்ளினால் ஒவ்வொரு முறையும் கூடு நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, ஒருநாள் தலை தனியாகக் கழன்று வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மெல்லிய கம்பியின் முனையைக் கொக்கி போல வளைத்து, கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி உட்சுவரில் இழுத்துப் பாருங்கள். வழவழவென்று வர வேண்டும். ஓரிடத்தில் சின்னப் பள்ளம் விழுந்தது போல் கொக்கி தட்டினால் அந்தக் கூட்டின் கதை முடிந்தது. காரண்ட், எம்14 வகைகளில் நான்கு ஐந்து முறையோடு கூட்டை ஓய்வு கொடுத்து அனுப்புவது நல்ல பழக்கம்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? இரும்புக் கூடும் அலுமினியக் கூடும் கழித்துவிடுங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரே துளை என்றால் பாக்ஸர், நமக்கு வேண்டியது. இரண்டு சின்னத் துளைகள் என்றால் பெர்டன், சாதாரணக் கருவியால் ப்ரைமரை நீக்க முடியாது, ஊசிதான் உடையும். அடிப்பகுதியில் வட்டத்துக்குள் சிலுவை முத்திரை இருந்தால் நேட்டோ தரத்துக்குச் செய்தது. அத்தகைய ராணுவக் கூடுகளில் ப்ரைமரைச் சுற்றி உலோகத்தை அழுத்திப் பூட்டியிருப்பார்கள். அந்தப் பூட்டை நீக்காமல் புது ப்ரைமரைத் திணித்தால் அது நசுங்கும், சில நேரம் அழுந்தும் வேகத்திலேயே வெடிக்கவும் செய்யும்.

ராணுவக் கூடு தடிமன், அதனால் உள்ளே இடம் குறைவு என்பார்கள். 7.62 நேட்டோவில் இது பெரும்பாலும் உண்மை. அதே அளவு மருந்து அங்கே அதிக அழுத்தம் தரும். 5.56-இல் இந்த வேறுபாடு அவ்வளவு இல்லை, சில வணிகக் கூடுகள்தான் கனமாக இருக்கும். எதையும் நம்ப வேண்டாம், முத்திரைவாரியாகப் பிரித்து, தராசில் போட்டுப் பாருங்கள். பல முத்திரைக் கூடுகளைக் கலந்து உச்ச அளவுக்குப் பக்கத்தில் நிரப்புவது மட்டும் கூடாது.

மைதானத்தில் பொறுக்கிய கூடுகள் எந்தச் சேம்பரில் வெந்து வந்தவை என்று தெரியாது. அடிப்பகுதி வீங்கியிருக்கலாம். சாதாரணச் சுருக்கு அச்சு அந்த இடம் வரை எட்டாமல் போனால், அடியையும் சேர்த்து இறுக்கும் ஸ்மால் பேஸ் அச்சு வேண்டியிருக்கும். முதல் முறை மட்டும் அதில் சுருக்கி, பிறகு சாதாரண அச்சுக்குத் திரும்பலாம். சுருக்கிய ஒவ்வொரு கூட்டையும் அளவு உருளையில் போட்டு, டொக்கென்று தானாக விழுகிறதா என்று பாருங்கள். நீளமும் வளரும். .223-க்கு உச்சம் 1.760 அங்குலம், வெட்டும் அளவு 1.750. .308-க்கு 2.015, 2.005. .30-06-க்கு 2.494, 2.484.

படி 5: ப்ரைமர்

ஏ.ஆர்.-15-இல் ஒரு தோட்டாவை ஏற்றி, சுடாமல் வெளியே எடுத்து, ப்ரைமரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவில் ஊசி முனையால் தொட்டது போல ஒரு சின்னக் குழி இருக்கும். ஃபயரிங் பின்னைப் பிடித்துவைக்க ஸ்பிரிங் இல்லாததால், போல்ட் மூடிய வேகத்தில் அது முன்னால் வந்து ப்ரைமரைத் தட்டியிருக்கிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் இது நடக்கிறது. காரண்ட், எம்14, பெரும்பாலான எஸ்.கே.எஸ். வகைகளிலும் அப்படியே.

அந்தத் தட்டலுக்கே ப்ரைமர் வெடித்துவிட்டால் அதற்கு ஸ்லாம் ஃபயர் என்று பெயர். விசையில் விரல் இல்லாமலே தோட்டா வெடிக்கும். போல்ட் முழுதாகப் பூட்டிய பிறகு நடந்தால் எதிர்பாராத ஒரு வெடி. பூட்டும் முன் நடந்தால் ரைஃபிளே உடையும்.

அதனால் மென்மையான ப்ரைமரைத் தவிர்க்க வேண்டும். ராணுவத் தரத்துக்கு உணர்திறனைக் குறைத்துச் செய்யப்பட்டவை சி.சி.ஐ. 34 (பெரிய ரைஃபிள் அளவு), சி.சி.ஐ. 41 (சிறிய ரைஃபிள் அளவு). இவற்றின் சூடு, அதிகச் சூடு தரும் மேக்னம் ப்ரைமரின் பக்கம் சேரும் என்பதால் தொடக்க அளவிலிருந்துதான் மேலே போக வேண்டும். சிறிய அளவில் சி.சி.ஐ. 450, ரெமிங்டன் 7½ ஆகியவையும் தடித்த கோப்பை உடையவை, .223-இல் நன்றாகத் தாங்கும். ரெமிங்டன் 6½ பெயரில் நெருக்கம், குணத்தில் வேறு. அது குறைந்த அழுத்தத் தோட்டாக்களுக்கானது, .223-இல் போடக் கூடாது. .223-இன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. மெல்லிய கோப்பை துளைபட்டால் அந்தச் சூட்டு வாயு பின்னால் பாய்ந்து ஃபயரிங் பின் முனையையும் போல்ட் முகத்தையும் அரிக்கும்.

எந்த ப்ரைமர் என்பதைவிட அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் ஸ்லாம் ஃபயரில் பெரிய விஷயம். கூட்டின் அடிமட்டத்தைவிட 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். ப்ரைமர் உட்காரும் குழியில் பழைய கரி இருந்தால் சரியாக உட்காராது. நிரப்பிய பிறகு விரல் நுனியால் ஒவ்வொன்றையும் தடவிப் பாருங்கள். துளி உயர்ந்திருந்தாலும் நகத்துக்குத் தெரியும். நூறு தோட்டாவுக்கு இரண்டு நிமிட வேலை, நான் ஒருநாளும் தவிர்ப்பதில்லை.

சுடும்போதும் ஒரு பழக்கம்: தோட்டாவைச் சேம்பருக்குள் நேராகப் போட்டு போல்ட்டை அறைய விடாதீர்கள். மேகசினிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு போகும்போது போல்ட்டின் வேகம் குறையும். வெறுமனே விட்டால் முழு வேகத்தில் மோதும், ஊசியும் பலமாகத் தட்டும்.

படி 6: கொஞ்சமாக நிரப்பி, கூட்டிடம் கேளுங்கள்

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாயிற்று என்றால் ஐந்நூறு நிரப்பாதீர்கள். அட்டவணையின் தொடக்க அளவில் ஐந்து, கொஞ்சம் கூட்டி இன்னும் ஐந்து, இப்படி உச்சத்துக்கு வெகு முன்பே நிற்கும் ஒரு ஏணி போதும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி, எதிரே பாதுகாப்பான மண்சுவர்.

முதலில் மேகசினில் ஒன்று மட்டும். சுட்ட பிறகு போல்ட் பின்னால் போய் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் இயந்திரத்துக்கு வாயு போதவில்லை. அடுத்து இரண்டு. ஒரு முறை விசையை இழுத்தால் ஒன்றுதான் வெடிக்கிறதா? இரண்டும் போனால் அங்கேயே நிறுத்தி ப்ரைமரையும் விசைப்பகுதியையும் பாருங்கள். எல்லாம் சரி என்றால் ஐந்து.

கூடு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். ஏ.ஆர்.-15-இல் கடிகார முள் கணக்கில் மூன்று, நான்கு மணிப் பக்கம் விழுந்தால் நல்லது. ஒன்று, இரண்டு மணிப் பக்கம் முன்னால் பறந்தால் வாயு அதிகம் என்று ஒரு நடைமுறைக் கணக்கு. ஐந்து மணிக்குப் பின்னால் சோர்ந்து விழுந்தால் குறைவு. பிறகு ஒரு கூட்டைக் கையில் எடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். விளிம்பில், கூட்டை வெளியே இழுக்கும் போல்ட்டின் கொக்கி கடித்த தடம் சாதாரணம். விளிம்பே வளைந்தோ கிழிந்தோ இருந்தால், அழுத்தம் தணியும் முன்பே போல்ட் திறந்து கூட்டைப் பிடுங்கியிருக்கிறது. எழுத்துகளின் மேல் பளபளவென்று ஒரு தேய்ப்புத் தடம் இருந்தால் அதுவும் இதே புகார்தான். இங்கே பலர் மருந்தைக் குறைத்துவிட்டுத் திருப்தியடைகிறார்கள். குறைத்தும் கிழிகிறது என்றால் மருந்தையே மாற்றிப் பாருங்கள், ஒரு படி வேகமாக எரிவதாக. ப்ரைமர் தட்டையாவதை மட்டும் வைத்து அழுத்தத்தைத் தீர்மானிக்காதீர்கள். மென்மையான ப்ரைமர் சும்மாவே தட்டையாகும், தடித்தது உச்சத்தைத் தாண்டியும் உருண்டையாக நிற்கும். வேகமானி இருந்தால் அதை நம்புங்கள். அட்டவணை சொல்லும் வேகத்தைத் தாண்டினால், எந்த அறிகுறி இல்லாவிட்டாலும் அழுத்தமும் தாண்டியிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துவந்த கலவை கிடைத்ததும், பெட்டியின் மூடிக்குள் ஒரு சீட்டு ஒட்டுங்கள். குண்டின் பெயர், எடை, மருந்தும் அதன் தொகுதி எண்ணும், கூட்டின் முத்திரை, எத்தனையாவது முறை, ப்ரைமர், மொத்த நீளம், தேதி, எந்த ரைஃபிளுக்கு என்பது. கடைசியில் சொன்னதுதான் அதிகம் விட்டுப்போவது. என்னிடம் .223-இல் போல்ட் ரைஃபிளும் செமி ஆட்டோவும் இருக்கின்றன. செமி ஆட்டோ பெட்டிகளின் மூடியில் சிவப்பு நாடா. புது டப்பா மருந்து வந்து தொகுதி எண் மாறினால், அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி ஐந்து தோட்டாவிலிருந்து தொடங்குகிறேன்.